போரை ஆதரித்துப் பேசச் சீட்டு விழுந்தால்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பொருளாதாரம் படிக்கிறாள். பள்ளி விவாதப் போட்டிக்கு 'ஒரு பெரும் போர் பொருளாதார நன்மையும் சமூக நன்மையும் தரக்கூடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஆதரித்துப் பேசும் பக்கம் அவளுக்கு விழுந்துவிட்டது. என் பாட்டி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் சின்னப் பிள்ளை. அரிசியைக் கண்ணால் பார்க்காமல் மாதக்கணக்கில் மஞ்யோக் (மரவள்ளிக்கிழங்கு) தின்றதையும், கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியதையும் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் என் மகள். "அம்மா, மேடையில் ஏறிப் பொய் சொல்லப் போகிறேனா?" என்று கேட்கிறாள். பேச ஆறு நிமிடம். அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பதில்: பொய் சொல்ல வேண்டியதே இல்லை, அம்மா. தலைப்பின் கடைசிச் சொல்லை மகள் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். 'தரும்' என்று எழுதவில்லை, 'தரக்கூடும்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். போர் நல்லது என்று அவள் வாதாட வேண்டியதில்லை. சில போர்களுக்குப் பின் சில மக்கள் முன்பிருந்ததைவிட நன்றாக வாழ்ந்தார்கள் என்று காட்டினாலே போதும், அது உண்மையும்கூட. அந்த நன்மை எந்த வழியாக வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், பாட்டியின் முன் உட்கார்ந்துகூட அந்தப் பேச்சைப் பேசலாம்.

முதலில் எல்லோரும் எடுக்கும் உதாரணம், அமெரிக்கா. 1939ல் அங்கே வேலைக்குத் தயாராக இருந்தவர்களில் 100க்கு 17 பேருக்கு வேலை இல்லை. 1944ல் அது 100க்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பத்து வருடப் பொருளாதார மந்தத்தில் ஆலை பூட்டிக் கிடந்தது, ஆள் வெளியே நின்றார். ஆளும் இருக்கிறார், இயந்திரமும் இருக்கிறது, சரக்கு வாங்கத்தான் யார் கையிலும் காசில்லை. அரசாங்கம் கடன் வாங்கி விமானமும் கப்பலும் செய்யச் சொன்னதும் ஆலைக் கதவு திறந்தது. உங்கள் மகள் பொருளாதாரம் படிப்பவள் என்பதால் இதை எளிதாகப் பிடித்துக்கொள்வாள்.

ஆனால் எதிரணியில் விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால், இந்த இடத்தில்தான் கை வைக்கும். டாங்கியைத் தின்ன முடியுமா? 1942 பிப்ரவரியோடு அங்கே பொதுமக்களுக்குக் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். சர்க்கரைக்கு ரேஷன். நாட்டின் உற்பத்தி என்று கணக்கில் ஏறியதில் பெரும்பகுதி, போர்க்களத்தில் உடைந்து போகப் போகிற பொருள். இதை மகள் மறுக்க வேண்டாம், ஒப்புக்கொள்ளட்டும். போர்க்காலத்தில் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது நல்ல சாப்பாடோ புது வீடோ அல்ல. வேலை கிடைத்தது, கைத்தொழில் கிடைத்தது, செலவழிக்க வழியில்லாத கூலி சேமிப்பாகச் சேர்ந்தது. அதை அவர்கள் அனுபவித்தது 1945க்குப் பிறகு. அந்நாட்டின் பெருநிலத்தில் நகரங்கள் எதுவும் குண்டுவீச்சில் அழியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வார்சாவிலோ மணிலாவிலோ இந்தக் கணக்கு இப்படி வராது.

இன்னொரு கேள்வியும் வரும். 'கடன் வாங்கி ஆலையைத் திறக்க முடியுமென்றால், டாங்கிக்குப் பதில் வீடும் ரோடும் கட்டியிருக்கலாமே?' கட்டியிருக்கலாம்தான். கடனாக வாங்கப் பணம் அன்றும் இருந்தது, அத்தனை பெரிய செலவுக்கு அரசியல் சம்மதம்தான் இல்லை. யுத்தம் வந்ததும் அந்தச் சம்மதம் ஒரே நாளில் வந்துவிட்டது. போர் தந்ததாகச் சொல்லப்படுவதில் பாதி இப்படிப்பட்டதுதான். முன்பே செய்திருக்கக்கூடிய ஒன்றைத் தள்ளிப்போட முடியாமல் ஆக்கியது.

நம் தீவில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது, கைதட்டலும் வாங்கும். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்தது. தகர வீடும் ஓலை வீடும் ஆயிரக்கணக்கில் போயின. அதற்குப் பிறகுதான் தீவு முழுக்கக் காங்கிரீட் வீடு எழும்பத் தொடங்கியது, அரசாங்கக் குடியிருப்புகள் வந்தன. இன்று புயல் எச்சரிக்கை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாம் உள்ளே நிம்மதியாக இருப்பது அந்தச் சுவருக்குள்ளேதான். அதற்காக யாராவது கரோலுக்கு நன்றி சொல்வார்களா? சிமெண்டு 1959லும் இருந்தது. ஆனால் கரோல் வராமல் அந்த வேகம் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகள் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து சமூக நன்மை. பேச்சின் கனமான பகுதி இது, இதற்கு மூன்று நிமிடமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். பெரும் போரில் அரசாங்கத்துக்கு எல்லோரும் வேண்டும். ஆலைக்குப் பெண் வேண்டும், களத்துக்கு ஏழையின் மகன் வேண்டும், வயலுக்குக் கூலியாள் வேண்டும். அதுவரை திரும்பிப் பார்க்காதவர்களிடம் 'உதவி செய்' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் யார் கையை நீட்டி 'என் பங்கு எங்கே?' என்று கேட்டார்களோ, அவர்களுக்குத்தான் ஏதாவது கிடைத்தது. 1941ல் அமெரிக்கக் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனுக்குப் பேரணி நடத்துவேன் என்று அறிவித்தார். பாதுகாப்பு ஆலைகளில் நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் ஜூன் மாதம் ஆணை போட்டார், பேரணி கைவிடப்பட்டது. பிரிட்டனில் ரேஷன் முறையால் பணக்காரர் தட்டும் ஏழை தட்டும் கொஞ்சம் நெருங்கி வந்தன. 1940லிருந்து கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மலிவு விலையிலோ இலவசமாகவோ பால் கொடுத்தார்கள். பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லோருக்கும் காப்பீடு என்ற பெவரிட்ஜ் அறிக்கை 1942 டிசம்பரில், குண்டுகளுக்கு நடுவில் வெளிவந்தது. இலவச மருத்துவம் 1948 ஜூலையில் தொடங்கியது. பக்கத்தில் பிரெஞ்சுத் தீவான ரியூனியனையும் பாருங்கள். முற்றுகையில் பட்டினி கிடந்த அந்தத் தீவு 1946 மார்ச்சில் காலனி என்ற நிலை நீங்கி பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆனது. பிரெஞ்சுச் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களைக் கேட்டு வாங்க அதனால்தான் வழி பிறந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகள் லண்டனையும் வாஷிங்டனையும் ஒப்பித்துவிட்டு, சொந்த ஊரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதோடு பர்மா அரிசி நின்றுபோனது. பாட்டி சொல்லும் மஞ்யோக்குக்குக் காரணம் இதுதான். கரும்பு நிலத்தில் ஒரு பகுதியில் உணவுப் பயிர் போட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. விலைவாசி ஏறியது, கூலி அதோடு சேர்ந்து ஏறவில்லை. 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வ்யூ ஹரேலில் வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. நால்வர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் அஞ்சலை, கருவுற்றிருந்த தமிழ்ப் பெண். இன்று அங்கே உள்ள விளையாட்டரங்குக்கு அவர் பெயர். பந்தாட்டம் பார்க்கப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு யுத்தகாலக் கூலிக் கோரிக்கை இருக்கிறது என்று தெரியும்?

ஐந்து வருடம் கழித்து நடந்ததை இதன் பக்கத்தில் வையுங்கள். யுத்தத்துக்கு முன் இந்தத் தீவில் ஓட்டுரிமை போதிய சொத்தோ வருமானமோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். வாக்காளர்கள் சுமார் 12,000 பேர். 1947 அரசியலமைப்பு அதை மாற்றியது. தீவில் வழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. 1948 ஆகஸ்ட் தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. கோயில் திண்ணையிலும் பைத்கா என்ற ஊர்க் கூடத்திலும் விளக்கு வைத்துக்கொண்டு, கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரலால் எழுத்துக் கூட்டிப் பழகியவர்கள் அதில் இருந்தார்கள். 'அ' எழுதத் தெரிந்த கை ஆட்சியைத் தொட்டது அந்த வருடம்தான். இதை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு விம்முகிறது.

இதைப் போர் தந்ததா? கவனமாகச் சொல்லச் சொல்லுங்கள். தொழிற்கட்சி இங்கே தொடங்கியது 1936ல். 1937ல் யூனியன் ஃப்ளாக் கரும்புத் தோட்டத்திலும் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆக, கோரிக்கை யுத்தத்துக்கு முன்பே இருந்தது, ரத்தமும் சிந்தியாயிற்று. யுத்தம் செய்தது இன்னொன்று. சுதந்திரத்துக்காகப் போராடுகிறோம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு, மொரிஷியஸ் பிள்ளைகளைப் பயோனியர் படை என்ற துணைப்பணிப் படையில் எகிப்துப் பாலைவனம்வரை அனுப்பிய பிறகு, 'உங்களுக்கு மட்டும் ஓட்டு இல்லை' என்று சொல்ல, நம்மை ஆண்ட லண்டனுக்கு வாய் வரவில்லை. காலனிகளின் வளர்ச்சிக்கும் நலனுக்கும் ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு என்று 1940லும், பத்து ஆண்டுக்கு 12 கோடி பவுண்டு என்று 1945லும் சட்டம் போட்டதும் அந்த நெருக்கடியில்தான்.

பொருளாதாரப் பக்கம் சர்க்கரையை விட்டுவிடக் கூடாது. இங்கே இரண்டு போர்களையும் ஒப்பிட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு சர்க்கரை விலை வானத்துக்குப் போனது. 1920ல் உச்சம். கையில் காசு புரண்டது. அடுத்த ஆண்டே விலை சரிந்தது, கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாம் போரில் பிரிட்டன் நம் சர்க்கரையை மொத்தமாக வாங்கியது. அந்தப் பழக்கம் 1951ல் காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தமாக எழுத்தில் ஏறியது. குறிப்பிட்ட அளவுக்குப் பேசி முடித்த விலை என்ற அந்த உறுதி பல ஆண்டுகளுக்கு நம்மைத் தாங்கியது. விலையேற்றமாக வந்தது வந்த வழியே போயிற்று, எழுத்தில் ஏறியது நிலைத்தது. இதை மகள் தன் வாயால் ஒரு தடவை அழுத்திச் சொன்னால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மருத்துவத்தைச் சுருக்கமாகத் தொட்டால் போதும். பென்சிலின் போருக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது, பெரிய தொட்டிகளில் புளிக்கவைத்துப் பெருமளவில் செய்யக் கற்றது போரில். போர்ப்படைகள் பேனுக்கும் கொசுவுக்கும் அடித்துப் பழகிய டிடிடி என்ற பூச்சிமருந்தை 1949லிருந்து இங்கே வீடு வீடாக அடித்தார்கள். மலேரியா அடங்கியது, சில ஆண்டுகளில் இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாயிற்று. டிடிடியின் தீமைகள் பின்னால் தெரியவந்தன, எதிரணி அதை எடுக்கலாம்.

போருக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது. இதே போரில் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். நமக்கு நின்ற அதே பர்மா அரிசி அங்கேயும் நின்றது, அந்தப் பஞ்சத்துக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. ஜப்பானியர் போட்ட சயாம் பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காட்டிலேயே முடிந்துபோனார்கள். அவர்களுக்கு ஓட்டும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அரசாங்கமே சிதைந்துபோகும் போரில் யாரிடம் போய்ப் பங்கு கேட்பது? சிரியாவையும் ஏமனையும் எதிரணி நிச்சயம் எடுக்கும். அப்போது மகள் தடுமாற வேண்டாம். 'தரக்கூடும் என்றுதான் நான் சொன்னேன். தருவதற்கு ஓர் அரசும், கேட்டு வாங்க அமைப்பாகத் திரண்ட மக்களும் வேண்டும். அங்கே இரண்டும் நொறுங்கிவிட்டன' என்று பதில் சொல்லட்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை நீங்கள் செய்ய வேண்டும். இன்று சாயங்காலம் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, 1948ல் வீட்டில் யார் ஓட்டுப் போடப் போனார்கள், அவர்கள் எழுதக் கற்றது எங்கே, யாரிடம் என்று கேளுங்கள். அவருக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும், நினைவிருக்கும். பெயர் கிடைத்தால் மகள் தன் பேச்சை அந்தப் பெயரில் தொடங்கட்டும். முதல் நிமிடம் மஞ்யோக்குக்கு, கடைசி நிமிடம் அந்த ஓட்டுச் சாவடிக்கு. நடுவில் உள்ள நான்கு நிமிடத்துக்கு மேலே சொன்னதில் தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும்.