உங்கள் விற்பனை ஆப்பில் பழைய ஆர்டர் எங்கே என்று கேட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து போன் வருகிறதா?

மூன்று கோடு மெனுவுக்குள் இருக்கும் "என் ஆர்டர்கள்" பட்டனை வெளியே எடுத்து, திரையின் அடியில் எப்போதும் தெரியும் கீழ்ப்பட்டையில் வையுங்கள். ஐகான் மட்டும் போதாது, அடியில் சொல்லும் வேண்டும். திரையைச் சுத்தமாக்கிய பிறகுதான் போன் அழைப்புகள் கூடின என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் குறைத்தது திரையில் தெரியும் பட்டன்களை, பயனரின் வேலையை அல்ல. மினிமலிசத்தில், அதாவது தேவையானதை மட்டும் வைக்கும் வடிவமைப்பில், நானும் பலமுறை தடுக்கி விழுந்த இடம் இது.

இன்னொரு காரணம் உங்கள் ஆப்பின் வெளிர் சாம்பல் எழுத்தாக இருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற குறியீடு கொண்ட வெளிர் சாம்பலுக்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 2.85:1 ஒளி மாறுபாடுதான் கிடைக்கும். எல்லோரும் பயன்படுத்தும்படி இணையத்தை வடிவமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டியின் ஏஏ (AA) நிலை, சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. சற்று அடர்ந்த சாம்பலான #767676 போட்டாலே அதைத் தாண்டிவிடும்; திரையின் அமைதியும் கெடாது.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். ஆப்பைப் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "போன வாரம் வாங்கியதை எடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல், அவர் கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். ஐந்து பேரிடம் செய்தால் பெரிய சிக்கல்கள் தெரிந்துவிடும்.

ஆனால் கீழ்ப்பட்டையில் ஐந்துக்கு மேல் அடுக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சின்ன போனில் "ஆர்டர்க..." என்று வெட்டுப்படும். "ஆர்டர்" என்றே போடலாம்.