பாதி ஊசியோடு வண்டி கிளம்பிவிட்டது, மீதியை எங்கே போடுவது?

கேள்வி: நாமக்கல்லில் இருந்து நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுகிறேன். நாக்பூர் அருகே ஒரு தாபாவில் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்தது. அங்கேயே அரசு மருத்துவமனையில் புண்ணைச் சுற்றி ஊசி போட்டு, இரண்டு கையிலும் சின்னதாக ஊசி போட்டார்கள். இரண்டாவது ஊசி குவாலியரில். ஏழாம் நாள் போட வேண்டியது லோடு இறக்கும் அவசரத்தில் விட்டுப்போய், இன்று பன்னிரண்டாம் நாள். லூதியானாவில் ரிட்டர்ன் லோடுக்காக நிற்கிறேன். முதலில் இருந்து தொடங்க வேண்டுமா? ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாமா? கடித்த நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று தாபாக்காரர் போனில் சொல்கிறார். கிளீனர் பையனுக்கு நகக்கீறல் மட்டும், ரத்தம் இல்லை. அவன் ஊசியே போடவில்லை.

பதில்: முதலில் இருந்து தொடங்க வேண்டாம். ஊருக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றோ நாளை காலையோ லூதியானாவிலேயே மூன்றாவது ஊசியைப் போட்டுவிடுங்கள். தள்ளிப்போன தவணையை விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தால் போதும், போட்ட இரண்டும் வீணாகாது.

நாய்க்கடி ஊசி எந்த ஒரு மருத்துவமனைக்கும் சொந்தமில்லை. நாக்பூரில் தொடங்கியதைப் பஞ்சாபில் தொடரலாம், நாமக்கல்லில் முடிக்கலாம். மருந்து கம்பெனி மாறினாலும் பரவாயில்லை. மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊசி போடும் முறையை மட்டும்தான். உங்களுக்குப் போட்டது தோலுக்குள் போடும் முறை. கைக்கு ஒன்றாக 0.1 மி.லி. மருந்து, 0, 3, 7, 28 என நான்கு நாட்கள். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஒரே புஜத்தில், தசையில் போடுவார்கள். அதற்கு 14-ம் நாளும் சேர்த்து ஐந்து தவணை. இரண்டையும் கலக்காமல் இருப்பதே நல்லது. வேறு வழியே இல்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழைய சீட்டைக் காட்டி மீதித் தேதிகளை அந்த மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள்.

அந்தச் சீட்டை லைசென்ஸ், ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் தேதியையும், தோலிலா தசையிலா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தோலுக்குள் சரியாகப் போட்டால் கொசு கடித்ததுபோல் ஒரு சின்னத் தடிப்பு எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்தில் போய்விட்டது என்று அர்த்தம். அங்கேயே கேளுங்கள், பக்கத்தில் இன்னொன்று போடுவார்கள். இடுப்பில் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஊசி பெரியவர்களுக்குப் புஜத்தில்தான்.

இனி எங்கே போவது? பஞ்சாப், ஹரியானா, குஜராத் பக்கம் 'சிவில் ஹாஸ்பிடல்' என்று கேளுங்கள், மத்தியப் பிரதேசம், உ.பி.யில் 'ஜில்லா அஸ்பதால்'. 'குத்தா காட்டா, இன்ஜெக்ஷன்' என்றால் யாருக்கும் புரியும். பெரிய நகரங்களில் பகலில் கனரக வண்டிக்கு நோ என்ட்ரி இருக்கும். அதனால் நெடுஞ்சாலையை ஒட்டிய நடுத்தர ஊர்தான் உங்களுக்கு வசதி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் போய்வரலாம். காலையிலேயே போங்கள். ஒரு குப்பி மருந்தைப் பலருக்குப் பிரித்துப் போடுவார்கள், கரைத்த மருந்தை சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. மதியத்துக்கு மேல் போனால் 'நாளைக்கு வா' என்ற பதில் வரலாம். மருந்தை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளும் யோசனை மட்டும் வேண்டாம். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, கேபின் சூடு தாங்காது.

நாள் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாள் பூஜ்யம். திங்களன்று தொடங்கினால் மூன்றாம் நாள் வியாழன், ஏழாம் நாள் அடுத்த திங்கள், கடைசி ஊசி நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். உங்களுக்கு மூன்றாவது தள்ளிப்போனதால், அதில் இருந்து மூன்று வாரம் விட்டு நான்காவது. அதற்குள் ஊர் வந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடலாம்.

புண்ணைச் சுற்றிப் போட்டது சீரம். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை அங்கேயே மடக்கி வைக்க அது. ரத்தம் வந்த கடிக்கு அது கட்டாயம், நாக்பூரில் சரியாகவே செய்திருக்கிறார்கள். ஒருமுறை போட்டால் போதும், இனி யாராவது மறுபடி போடலாம் என்றாலும் தேவையில்லை.

தாபாக்காரர் பேச்சை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கடித்த நாய் 10 நாள் நன்றாக இருந்தால் அதற்கு ரேபிஸ் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு தாபாவைச் சுற்றி ஐந்தாறு நாய்கள் திரியும். அவர் பார்ப்பது உங்களைக் கடித்த அதே நாய்தானா? பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும், தலைகாட்டிய பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. இன்று உடம்பு நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. மலேரியாவுக்கு குளோரோகுயின் மாத்திரை எடுத்தாலோ, ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டாலோ மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதை முழுதாக முடிப்பதில் ஒரு லாபமும் உண்டு. உங்கள் தொழிலில் மறுபடி நாய் கடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிக் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றும் மூன்றாம் நாளும் என இரண்டே தவணை போட்டால் போதும், சீரம் வேண்டாம். ஆனால் முன்பு முழுதாகப் போட்டதற்குச் சீட்டு இருக்க வேண்டும்.

கிளீனர் தம்பியையும் கூடவே அழைத்துப் போங்கள். ரத்தம் வராத நகக்கீறலுக்கும் தடுப்பூசி உண்டு, சீரம்தான் தேவைப்படாது. பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். இன்று போடுவது அவருக்குப் பூஜ்யம் நாள், அதில் இருந்து நான்கு தவணையையும் முடிக்க வேண்டும். ரிட்டர்ன் லோடு எந்த ரூட்டில் கிடைத்தாலும், அவருடைய மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எந்த ஊரில் வரும் என்று கிளம்பும் முன்பே பார்த்து ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.