எழுத்து தெரியுது, வார்த்தை வரலையே!
ஒன்றாம் வகுப்பு: வாசகர் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. எழுத்துகளைக் கடகடவென்று சொல்கிறாள். ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால் 'ப… ட… இம்' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அதே வயதில் ஆங்கிலக் கதைப் புத்தகமே படிக்கிறான். டீச்சரைக் கேட்டால் 'அரும்பு நிலை' என்கிறார். மந்தமாக இருக்கிறாளோ?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மந்தமெல்லாம் இல்லைங்க. அந்த 'இம்'தான் வேலையைக் கெடுக்கிறது, அதைச் சொல்லிக் கொடுத்ததும் நாம்தான். மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிக்க வராது என்று முன்னால் ஒரு இ-யைப் போட்டு இக், இங், இச் என்று பழக்குகிறோம். ஒப்பிக்க அது வசதி, கூட்டிப் படிக்கும்போது அந்த இ குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. 'ப, ட, இம்' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் படம் வராது, நீங்களே சொல்லிப் பாருங்களேன். அதனால் 'பட' என்று சேர்த்துச் சொல்லிவிட்டு உதட்டை மூடச் சொல்லுங்கள். பட…ம்ம். அவ்வளவுதான். 'கடல்' என்றால் 'கட' சொல்லி நாக்கை மேலே ஒட்டச் சொல்லுங்கள். ட, ப, ம மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று ஒரு வாரம் ஓட்டலாம்.

247 எழுத்து என்றதும் மலைக்கவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மீதி 216-ம் உயிர்மெய். கால், கொம்பு, விசிறி எல்லாம் பிடிபட்டால் பெரும்பாலானவை தானாக வந்துவிடும். மல்லுக்கு நிற்பது உ, ஊ வரிசைதான், ஏனென்றால் கு, சு, டு, மு ஒவ்வொன்றுக்கும் வால் ஒவ்வொரு பக்கம். அடுத்த தொல்லை 'கொ'. காதில் முதலில் விழுவது க், கையில் முதலில் எழுதுவது கொம்பு! ஆறு வயதுப் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. 'அம்மா வந்தாள்' என்று புத்தகத்தில் இருப்பதை 'அம்மா வந்தாங்க' என்று படித்தால் உடனே தலையில் குட்டாதீர்கள். பொருள் புரிந்து, வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லியிருக்கிறாள், எனக்கெல்லாம் அப்படிப் படிக்கிற பிள்ளையைப் பார்த்தால் சந்தோஷம்தான்.

அரும்பு விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் வந்தது தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அரும்பு தொடக்க நிலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கே இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

பக்கத்து வீட்டுப் பையனிடம் அவன் இதுவரை பார்க்காத புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறானா, படிக்கிறானா என்று தெரிந்துவிடும். நிஜமாகவே படித்தால், படிக்கட்டுமே.

கேள்வி: மகன் தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. தினமும் நாலு பாடத்தில் வீட்டுப்பாடம், இரவு ஒன்பது மணிக்கு அழுதுகொண்டே எழுதுகிறான். டியூஷனில் சேர்த்துவிடலாமா?
- ஒரு தந்தை, சேலம்

பதில்: வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு சுற்றறிக்கையும் அனுப்பியது: இந்த இரண்டு வகுப்புக்கும் மொழியும் கணக்கும் போதும், பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது (இது அப்போதைய வரம்பு). உங்கள் மகனின் பையை ஒருநாள் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அப்புறம் சண்டைக்குப் போகாமல், இன்னும் இரண்டு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள். பல டீச்சர்களுக்கும் இதில் விருப்பமில்லை, "நோட்டில் ஒன்றும் இல்லையே" என்று கேட்கிற பெற்றோருக்குப் பயந்துதான் கொடுக்கிறார்கள் (நானும் கொடுத்திருக்கிறேன்). அதுவரை இருபது நிமிடம் எழுதட்டும், மிச்சத்தை மூடிவைத்துத் தூங்கப் போகட்டும்.

கேள்வி: நான் மூணாவதோடு நின்றவள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பேரன் என்னோடுதான் இருக்கிறான். பன்னிரண்டு எழுதச் சொன்னால் 21 எழுதுகிறான். நான் என்ன சொல்லித் தர முடியும்?
- ஒரு பாட்டி, மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் வீட்டு விளக்குமாறு போதும். பத்து ஈர்க்குச்சியை எடுத்து நூலால் கட்டச் சொல்லுங்கள், அவன் கையாலேயே கட்ட வேண்டும், அது முக்கியம். ஒரு கட்டு, பக்கத்தில் இரண்டு உதிரி, அது பன்னிரண்டு. இரண்டு கட்டு, ஒரு உதிரி, இருபத்தொன்று. நாலு நாள் மாற்றி மாற்றி வையுங்கள், எழுதச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் தாயக்கட்டையை உருட்டுங்கள், காயை அவனே எண்ணி நகர்த்தட்டும், தப்பாக எண்ணினால் "மறுபடி எண்ணுடா"வோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு கதை சொல்லிப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு, நீ சொல்லு" என்று கேளுங்கள். அவன் சொல்கிற மீதிக் கதையை அம்மாவோ அப்பாவோ இரண்டு வரியில் எழுதி வைத்தால், மறுநாள் அதை அவன் உங்களுக்குப் படித்துக் காட்டுவான்.