பக்கத்து வீட்டு அம்மாள் – கடிதம்

வணக்கம்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு ஹெச்1பி வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்ற முறையில் ஹெச்4 விசா, அதில் நான் வேலை பார்க்க முடியாது. கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்த்தவள், இங்கே சும்மா வீட்டில் இருக்கிறேன். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், மழை வெயில் பற்றிப் பேசுகிறார்கள், அதோடு சரி. பக்கத்து வீட்டு அம்மாள் இதுவரை ஒருமுறைகூட உள்ளே வா என்றதில்லை. இவர்கள் அன்பெல்லாம் உதட்டளவுதானா? நம் ஆட்களோடு பழகினால் போதும் என்கிறார் கணவர். மகள் இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்திருக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன்.

சுபா

அன்புள்ள சுபா,

உதட்டளவு என்று நான் நினைக்கவில்லை. முன்பின் தெரியாதவரைப் பார்த்தாலும் சிரித்து இரண்டு வார்த்தை பேசுவது அங்கே பொது இடத்து மரியாதை. நட்பு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் வரும். நாம் நேர்மாறு. தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம், ஆனால் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சம்பளம் எவ்வளவு, இன்னொரு குழந்தை ஏன் இல்லை என்பதுவரை போய்விடுவோம்.

அங்கே யாரும் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. மகளுக்குப் பிறந்தநாள் அழைப்பு வந்தால் பாருங்கள், 2 மணி முதல் 4 மணி வரை என்று முடியும் நேரமும் போட்டிருக்கும். விருந்தாளியைக் கிளம்பச் சொல்வது போல நமக்குச் சுருக்கென்று இருக்கும். பிள்ளையை எப்போது வந்து கூட்டிப்போவது என்று பெற்றோருக்குத் தெரியவேண்டும், அதற்குத்தான் அது.

பக்கத்து வீட்டு அம்மாளை நீங்கள் கூப்பிட்டீர்களா? "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றால் அங்கே யாரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை 4 மணிக்கு டீ குடிக்க வாருங்கள் என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். எந்த உணவாவது அலர்ஜியா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வேர்க்கடலையும் முந்திரியும் நம் சட்னியிலும் குருமாவிலும் அரைபட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பள்ளியில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகும் பாட்லக் விருந்திலும் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள். அதைப் படிக்க வருபவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்.

நியூ ஜெர்சியில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு பெரியவர் தன் வாசல் பனியைத் தள்ளும்போது எங்கள் நடைபாதையையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள மாட்டார். என் மனைவி அவருக்குச் சுண்டல் கொடுத்தாள். பாத்திரம் கழுவித் துடைத்து, உள்ளே கையால் எழுதிய நன்றி அட்டையோடு வந்தது. வெறும் பாத்திரமாகத் தந்துவிட்டாரே என்று அம்மா குறைப்பட்டார்கள். நாம் சர்க்கரையோ பழமோ போட்டுத் தருவோமே, அந்த இடத்தில் அவர் அந்த அட்டையை வைத்திருந்தார்.

கணவர் சொல்வதும் புரிகிறது. ஆனால் முன்பு அங்கே இந்தியரே குறைவு; 1946 அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கிய 1965 சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் பலர், தெருவிலேயே ஒரே இந்தியக் குடும்பமாக இருந்தார்கள். பழகாமல் முடியாது. பழகிக்கொண்டேதான் 1977-இல் நியூயார்க் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயிலும் கட்டினார்கள். இன்று மளிகை, கோயில், வாட்ஸ்அப் குழு எல்லாம் கையெட்டும் தூரத்தில். ஒரு அமெரிக்கரோடும் பேசாமல் நீங்கள் காலம் தள்ளலாம், மகளால் முடியாது. அவள் பகல் முழுக்க இருக்கும் உலகம் அம்மா அப்பாவுக்குத் தெரியாவிட்டால், அங்கே நடக்கும் எதையும் வீட்டில் சொல்ல அவளுக்கு ஆள் இல்லாமல் போய்விடும்.

அப்புறம், உங்கள் தனிமையில் பாதி பண்பாட்டால் வந்ததல்ல, விசாவால் வந்தது. கணவரின் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஹெச்4 மனைவி வேலை பார்க்கலாம் என்ற விதியே 2015-இல்தான் வந்தது. கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால் இந்தியர் வரிசை மிக நீளம். பழகத் தெரியவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

சம்பளமில்லாத தொண்டு வேலைக்கு அந்தத் தடை இல்லை. பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கும். வரவு செலவு பார்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள், நீங்களோ வங்கியில் இருந்தவர். அடுத்த கூட்டம் எப்போது என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.