வாசகர் கேள்வி – பதில்: எழுதாமல் விட்ட அதிகாரம் யாருக்கு?

கேள்வி: மண்டபத்தில் பல்லாண்டுகள் விசைப்படகுத் தொழிலில் இருந்துவிட்டு இப்போது ஓய்வாக இருக்கிறேன். மெல்பர்னில் வசிக்கும் என் மகள் அடுத்த மாதம் ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வு எழுதவிருக்கிறாள். தினமும் பிற்பகலில், அவளுக்கு அது இரவு, அலைபேசியில் நான் வினாக்களைக் கேட்பேன். அவள் விடை சொல்லுவாள். எது மைய அரசின் வேலை, எது மாநில அரசின் வேலை என்பதில் மட்டும் திரும்பத் திரும்பத் தவறுகிறாள். பள்ளியில் குடிமையியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். எப்படி விளங்க வைப்பது?
– வாசகர், மண்டபம்

பதில்: அந்த நல்ல மதிப்பெண்தான் இப்போது குறுக்கே நிற்கிறது என்று தோன்றுகிறது. நம் அரசமைப்பில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என மூன்று உண்டு. இவற்றில் எதிலும் அடங்காத பொருள் எழுந்தால், 248-வது பிரிவின்படி அது நாடாளுமன்றத்துக்கே உரியது. ஆஸ்திரேலியாவில் இது தலைகீழ். தனித்தனி ஆட்சி நடத்திவந்த ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் ஒன்றுசேர்ந்து 1901 ஜனவரி 1 அன்று அந்தக் கூட்டாட்சியை உண்டாக்கின. மைய நாடாளுமன்றத்துக்கு விட்டுக்கொடுக்க இசைந்த பொருள்களைப் பெரும்பாலும் 51-வது பிரிவில் வரிசையாக எழுதிவைத்து, எழுதாமல் விட்டவற்றைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டன. ஆகவே மாநிலத்துக்கு என்னென்ன அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்று உங்கள் மகள் தேடக் கூடாது. இந்தப் பொருள் மைய அரசுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு, வெளியுறவு, குடிவரவு, நாணயம், அஞ்சல் ஆகியவை எழுதிக் கொடுக்கப்பட்டவை. பள்ளியும் மருத்துவமனையும் அந்த வரிசையில் இல்லை; ஆகவே அவற்றை நடத்துவது மாநிலம்.

பெரும்பாலும் ரயிலில்தான் அவருக்குச் சறுக்கும் என்பது என் ஊகம். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு ரயில் என்றாலே டெல்லிதான். 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலத்தைத் திறந்துவைக்கப் பிரதமர்தானே வந்தார்? ஆனால் மெல்பர்ன் நகருக்குள் ஓடும் ரயில் விக்டோரியா மாநில அரசின் பொறுப்பு, தேர்வுக்குரிய கையேடும் சாலை, ரயில் இரண்டையும் மாநிலத்தின் கணக்கிலேயே சேர்க்கிறது.

நீங்கள் கடலில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நம் அரசமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21-வது பொருள். ஆட்சிக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்போ ஒன்றியப் பட்டியலின் 57-வது பொருள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல் என்பது பொது விதி (தனுஷ்கோடிப் பக்கம் அதற்கு வெகு முன்பே இலங்கை எல்லைக்கோடு குறுக்கிட்டுவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை). கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பது மாநில மீன்வளத் துறையாகவும், எல்லையில் ரோந்து சுற்றுவது ஒன்றிய அரசின் கடலோரக் காவல்படையாகவும் இருப்பதை நீங்கள் நேரில் கண்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலிய அரசமைப்பின் 51-வது பிரிவும் ஏறத்தாழ இதே சொற்களில், ஆட்சிக் கடலுக்கு அப்பாலுள்ள மீன்வளத்தை மைய அரசுக்குக் கொடுத்தது. பின்னர் கரையோரக் கடல் யாருடையது என்று வழக்கு எழுந்து, 1975-இல் அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் மைய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது; அதற்குப் பிறகு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதல் 3 கடல் மைல் மாநிலங்களிடம் விடப்பட்டது. இவ்வளவு நுணுக்கம் தேர்வில் வராது. ஆனாலும் இதை நீங்கள் படகுக் கதையாகச் சொன்னால் அவர் மறக்கமாட்டார்.

தேர்வில் 20 வினாக்கள். 15-க்குச் சரியான விடை வேண்டும். அவற்றுள் ஆஸ்திரேலிய விழுமியங்களைப் பற்றிய 5 வினாக்களில் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்பதால், ஆட்சிமுறையோடு மட்டும் நின்றுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலிய மாநிலங்களுக்கும் ஆளுநர் உண்டாமே? டெல்லி அனுப்புவதுபோல் அவர்களைக் கான்பெரா அனுப்புகிறதா?
– வாசகி, தொண்டி

பதில்: இல்லை. மாநில ஆளுநரை மன்னர் நியமிக்கிறார். யாரை நியமிப்பது என்று அவருக்கு ஆலோசனை சொல்பவர் அந்த மாநிலத்தின் முதல்வர், அங்குள்ள பெயரில் சொன்னால் 'பிரீமியர்'. 1986-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியச் சட்டம் இதை உறுதி செய்தது. அதற்கு முன்பு அந்த ஆலோசனை லண்டன் அமைச்சர்கள் வழியாகச் சென்றது. பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுபவர் நாடு முழுமைக்கும் உரிய தலைமை ஆளுநர் மட்டுமே. ஆளுநர் பற்றிய செய்தியைத் தினமும் படிக்கும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

மேலவையிலும் இதே மனப்போக்கைக் காணலாம். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், உத்தரப்பிரதேசத்துக்கு 31. சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்திரேலிய செனட்டில் பெரிய நியூ சவுத் வேல்ஸுக்கும் சின்ன டாஸ்மேனியாவுக்கும் ஆளுக்கு 12 இடம், இரண்டு ஆட்சிப் பகுதிகளுக்கு இரண்டிரண்டு, ஆக 76. வாக்களிப்போர் மக்களே.

கேள்வி: சிட்னியில் இருக்கும் என் தம்பி தேர்வில் தேறிவிட்டான். இராமநாதபுரம் தொகுதியில் இனி அவன் வாக்களிக்க முடியுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: தேர்வில் தேறியதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்து அந்நாட்டுக் குடிமகனாகும்போதுதான், நம் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி அவருடைய இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வருகிறது. பிறகு கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கக் கூடாது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அதில் வாக்குரிமை கிடையாது. சிட்னியிலோ வாக்களிப்பது கட்டாயம், தக்க காரணமின்றித் தவறினால் அபராதம். நம் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்திப் பழகியவர், அங்கே கீழவைக்கான பச்சைத் தாளில் எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் மட்டும் குறியிட்டுவிட்டு வந்தால் அந்த வாக்கு செல்லாது.