எத்தனை ஊர் கவர் பண்ணலாம்?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு ஐந்து பேர் மலேசியா போகிறோம். வாடகைக்குக் கார் எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். வீடியோக்களைப் பார்த்து 27 கடைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எட்டு நாளில் எத்தனை ஊர் கவர் பண்ணலாம்? மாமியார் சைவம், அவருக்காக அரிசிம்பருப்புச் சாத மிக்ஸ் எடுத்துப் போகலாமா?
– வாசகி, கவுந்தப்பாடி

பதில்: உங்கள் கேள்வியில் 'கவர்' என்ற சொல்லைத் தாண்டி வெகுநேரம் என்னால் போக முடியவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு மூடுவது என்று பொருள். தமிழில் கவர்தல் என்றால் பறித்துக்கொள்வது. நீங்கள் போவதோ உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. இரண்டு நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் முடித்துவிடும் வேன் பயணத்தில் பழகிப்போன நமக்கு எந்தப் பயணமும் ஊர்க்கணக்காகவே தோன்றுகிறது. சன்னிதியில் ஐந்து நிமிடம் நின்றாலும் சாமி கும்பிட்டதாகும். பசி அப்படியல்ல, நாளைக்கு மூன்று முறைதான் வரும். எட்டு நாளைக்கு 24 வேளை; போகும் நாளும் திரும்பும் நாளும் விமான நிலையத்தில் கழிவதைத் தள்ளினால் இருபதுகூடத் தேறாது. அதில் 27 கடை எப்படி அடங்கும், சகோதரி?

கார் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்காக ஊர் சுற்றும் வழக்கத்தைப் பெரிதாக வளர்த்தது ஒரு டயர் கம்பெனி. பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1900-இல் வண்டிக்காரர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்? பிறகு 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கினார்கள். இன்று ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நின்று சாப்பிடத் தக்கது, இரண்டு என்றால் வழியை விட்டு விலகியும் போகத் தக்கது, மூன்று என்றால் அதற்கென்றே தனிப் பயணம் போகத் தக்கது. டயர் விற்க வேண்டியவர்களே நில், விலகிப் போ, அதற்காகவே போ என்றுதான் சொன்னார்கள். எல்லாவற்றையும் கவர் பண்ணு என்று சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கு மூன்றே ஊர் போதும்: கோலாலம்பூரில் இரண்டு இரவு, ஈப்போவில் இரண்டு, பினாங்கில் மூன்று. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர், அதாவது கோவையிலிருந்து விழுப்புரம் போகும் தூரம்தான். ஈப்போ நடுவழியைச் சற்றே தாண்டி இருக்கிறது. அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கை தடுமாறாது. கிளம்புமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள் என்பதால் 'டச் அண்ட் கோ' அட்டையைக் கார் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

தூரத்தைவிட நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பினாங்கின் தெருக்கடைகளுக்குப் பொழுது உண்டு. காலைக் கடைகள் பல மத்தியானத்துக்குள் எடுத்துவைத்துவிடும். அதே இடத்தில் இருட்டியதும் வேறொருவர் அடுப்பு மூட்டுவார். வார விடுமுறையும் கடைக்குக் கடை வேறு. 27 கடைகளையும் ஊர் வாரியாக எழுதியிருப்பீர்கள். காலை, மத்தியானம், இரவு என்று மாற்றி எழுதுங்கள், பாதி தானாகவே உதிர்ந்துவிடும். ஈப்போவில் ஒரு காலையை மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் போடும் வெள்ளைக் காப்பிக்கு மட்டுமே விட்டுவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் கோவையிலிருந்து ஒரு குழுப் பயணத்தில் பினாங்கு போனோம். நம் ஊர்ச் சமையற்காரர் உடன் வருவார் என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ் டவுனில், இரண்டு நாளும் விடுதியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டோம். சமையற்காரர் மேல் குறையில்லை, நன்றாகவே சமைத்தார். ஆனால் அந்தச் சாம்பாருக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. இதை இந்தப் பக்கத்தில் முன்பே எழுதி, பயண ஏற்பாட்டாளர் சிலரின் வருத்தத்துக்கு ஆளானேன். அவர்கள் வருத்தம் தீரவில்லை என்று அறிவேன்; என் கருத்தும் மாறவில்லை.

இரண்டாம் நாள் இரவு நாங்கள் இருவர் மட்டும் நாசி கண்டார் கடை ஒன்றைத் தேடிப் போனோம். சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் காவடி போலத் தோள்தண்டில் தொங்கவிட்டு, ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற சோறு அது; அந்தச் சுமைக்குத்தான் கண்டார் என்று பெயர். கடைக்காரர் தட்டில் சோற்றைக் கவிழ்த்துவிட்டு, "பஞ்சிரா விடட்டுமா?" என்று கேட்டார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். தலையை ஆட்டியதும் கோழிக் குழம்பு, அதன் மேல் மீன் குழம்பு, அதன் மேல் பருப்பு என்று சோறு மறையும்வரை ஊற்றினார். குழம்பின் மேல் குழம்பு ஊற்றினால் எங்கள் வீட்டில் அம்மா தட்டையே பிடுங்கிவிடுவார். என் மனைவி நான்கு வாய் உண்டபின், "எல்லாங் கலந்தும் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுதுங்க" என்றார். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நினைவில் நிற்கும் சாப்பாடு அந்த ஒன்றுதான்.

உங்கள் மாமியாருக்கு வருகிறேன். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் சம்பல் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். பினாங்கு லக்சா என்ற நூடுல்ஸின் புளிக்குழம்பே மீனில்தான் கொதிக்கிறது. ஒவ்வொரு கடையிலும் கேட்டே வாங்க வேண்டும். அதற்காக அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் பௌத்தச் சீனரின் சைவக் கடைகளும் மூன்று ஊரிலும் உண்டு. காலையில் 'புட்டு மாயம்' என்று கேட்டுப் பாருங்கள். அரிசி மாவை அச்சில் பிழிந்து வேகவைத்து, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை அனுப்பும் ஊர்க்காரரான உங்கள் மாமியார், முதல் வாயிலேயே அது நம் சந்தகைக்கு, அதாவது இடியாப்பத்துக்கு, உறவு என்று கண்டுபிடித்து, சர்க்கரைக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அரிசிம்பருப்பு மிக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும் இரவு, பெட்டியைப் பிரிக்கும் முன்பே அது தேவைப்படும்.