ஆளுக்கொரு மதிப்பெண் ஏன்? எழுத்து மதிப்பீட்டு ஆய்வு: கேள்வி-பதில்

கேள்வி: ஒரே கட்டுரைக்கு ஆளாளுக்கு வேறு மதிப்பெண் போடுகிறார்கள். திருத்துபவர்களின் அலட்சியம்தானே காரணம்?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று 1888-லேயே பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த் புள்ளியியல் வழியாகக் கணக்குப் போட்டார். 1912-இல் ஸ்டார்ச்சும் எலியட்டும் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தபோது, நூற்றுக்கு 64-லிருந்து 98 வரை வந்தது.

அலட்சியம் என்ற விளக்கம் ஆட்டம் கண்டது 1961-இல். டீடரிக், ஃபிரெஞ்ச், கார்ல்டன் மூவரும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, எந்த அளவுகோலும் சொல்லாமல், தரவாரியாக ஒன்பது அடுக்காகப் பிரிக்கச் சொன்னார்கள். 94 விழுக்காடு கட்டுரைகள் ஒன்பதில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்குகளில் விழுந்தன. ஆனால் காரணிப் பகுப்பாய்வு (யார் யாருடைய மதிப்பெண்கள் ஒன்றுபோல் போகின்றன என்று குழுக்களாகப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறை) செய்ததும் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் அமைப்பை, சிலர் பிழைகளை, சிலர் சொல்லாட்சியை, சிலர் எழுதியவரின் நடையை. கவனக்குறைவு இல்லை; எது நல்ல எழுத்து என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. கருத்து, அமைப்பு, நடை என்று கூறு வாரியாக மதிப்பெண் போட வைக்கும் இன்றைய ரூப்ரிக் கட்டங்களுக்கு ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஆய்வில் இரு மதிப்பீட்டாளர்களும் ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள் 95 விழுக்காடு ஒத்துப்போகிறார்கள். இது போதுமா?

பதில்: போதாது. ஆறு புள்ளி அளவுகோலில் இருவரும் 3, 4 தவிர வேறு எதுவுமே போடுவதில்லை என்று வையுங்கள். கட்டுரையைப் படிக்காமல் நாணயம் சுண்டிப் போட்டாலும் உங்கள் கணக்குப்படி 100 விழுக்காடு ஒத்துப்போகும். துல்லியமாக ஒரே எண் வருவதும் ஏறக்குறைய பாதி. அதே தரவுக்கு எடையிட்ட கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்லும் ஒப்புமை அளவு) கிட்டத்தட்ட பூஜ்யமாக வரும். கப்பாவையும் மதிப்பெண் பரவலையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

பயிற்சியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு மாதிரிக் கட்டுரைகளாவது வேண்டும். அவற்றில் ஒன்று எல்லைக்கோட்டில் நிற்பதாக இருக்கட்டும். முதலில் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் எழுத வேண்டும், விவாதம் பிறகு. இல்லையென்றால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்கள் வழிமொழிவார்கள். முதல் மதிப்பெண் தாளின் மேலேயே இருந்தால் இரண்டாவது மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை. தாள்களைக் கலைத்துக் கொடுங்கள்: நான்கு மோசமான கட்டுரைகளுக்குப் பின் வரும் சுமாரான கட்டுரை நல்லதாகத் தெரியும். இருவரும் இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ விலகினால் மூன்றாமவரிடம் கொடுப்பது வழக்கம். மூன்று எண்களை வைத்து இறுதி மதிப்பெண் எப்படி என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

கேள்வி: மதிப்பெண்ணை நம்பகமாக்க, மதிப்பீட்டாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாமா, ஒவ்வொரு மாணவரும் எழுதும் தலைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமா?

பதில்: தலைப்புகளை. ஒருவர் போடும் மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை (1 என்றால் முழு நம்பகம்) 0.50 என்றால், ஆட்களைக் கூட்டினால் அது எவ்வளவு உயரும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் வாய்பாட்டின்படி இருவருக்கு 0.67, மூவருக்கு 0.75, போகப் போக ஆதாயம் குறையும். ஒரே தலைப்பில் மட்டும் எழுதியவர் அந்தத் தலைப்புக்குப் பழக்கப்பட்டவரா, எழுதத் தெரிந்தவரா என்பதை எத்தனை பேர் திருத்தினாலும் பிரித்தறிய முடியாது. எழுத்துத் தேர்வுகளை ஆராய்ந்து 1966-இல் அறிக்கை வெளியிட்ட காட்ஷாக் குழு ஒவ்வொரு மாணவரையும் ஐந்து கட்டுரை எழுத வைத்தது சும்மா இல்லை.

கேள்வி: கூறு வாரியாக மதிப்பெண் போட்டும் எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் கட்டத்தில் ஏற்பட்ட அபிப்பிராயம் மற்றவற்றுக்கும் தொற்றிக்கொள்கிறது. எல்லாத் தாள்களுக்கும் ‘அமைப்பு’ மட்டும் போட்டு முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் எண்கள் பிரியவில்லையென்றால் ஐந்து கட்டம் வைத்திருப்பது வெறும் அலங்காரம். ஒட்டுமொத்த மதிப்பெண்ணே நேர்மையானது.

கேள்வி: இனி எல்லாவற்றையும் கணினியே திருத்திவிடுமா? இந்தத் துறையில் ஆய்வு செய்ய என்ன மிச்சம்?

பதில்: கணினித் திருத்தமும் பழைய சங்கதிதான். எல்லிஸ் பேஜ் 1966-லேயே கட்டுரையின் நீளம், காற்புள்ளி, சொல்லின் நீளம் போன்றவற்றை எண்ணி மதிப்பெண்ணைக் கணித்தார். 1999-இல் மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் இ-ரேட்டர் என்ற திருத்தும் மென்பொருள் நுழைந்தது. 2014-இல் கணினித் திருத்தத்தை விமர்சித்துவந்த லெஸ் பெரல்மனும் மாணவர்களும் உருவாக்கிய பேபல் நிரல் அர்த்தமே இல்லாத கட்டுரைகளை உற்பத்தி செய்து, அவற்றுக்கு இயந்திரங்களிடமிருந்து உயர்ந்த மதிப்பெண் வாங்கிக் காட்டியது.

இன்றைய மொழி மாதிரிகளை (உரையைப் படித்து எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்களை) இவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாமல் போகலாம். சோதனை தேவை இல்லை என்று ஆகிவிடாது. ஒரே தாளை வெவ்வேறு நாளில் கொடுத்துப் பாருங்கள். ஒரு பத்தியை இரண்டு முறை ஒட்டி நீட்டிக் கொடுங்கள். பத்திகளின் வரிசையை மாற்றிக் கொடுங்கள். மனிதர் போட்ட மதிப்பெண்ணோடு உள்ள வித்தியாசத்தை, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். பயன்படுத்திய மொழி மாதிரியின் பதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். அது மாறினால் பழைய தாள்களை மறுபடி ஓட்டியாக வேண்டும்.

ஆய்வுக்கு வளமான இடம், ஒத்துப்போவதைத் தாண்டிய ஏற்புடைமைக் கேள்விகள், அதாவது மதிப்பெண் அளக்க வேண்டியதை அளக்கிறதா, அதைப் பயன்படுத்துவது சரியா என்பவை: அந்த மதிப்பெண்ணை வைத்து யாரைச் சேர்க்கிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள்? கருவி எழுதித் தர, மாணவர் திருத்திக் கொடுத்தால் நாம் அளப்பது எந்தத் திறனை? எந்த விசையை எப்போது தட்டினார்கள் என்ற விசைப்பலகைப் பதிவை வைத்து எழுதும் போக்கையும் ஆராயலாம். எதைத் தொட்டாலும் ஒரு வடிவமைப்புப் பிழையைத் தவிருங்கள்: தாள்களைப் பங்கு போட்டு ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்துவிட்டால், மதிப்பெண் குறைந்தது தாளாலா, திருத்தியவரின் கறாராலா என்பதைப் பிறகு நம்பகமாகப் பிரிக்க முடியாது. பொதுவான தாள்கள் சில எல்லோர் கட்டிலும் இருக்கட்டும்.